பத்திரமாக வைத்தது

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் மருத்துவரைப் பார்த்தேன். குடலிறக்கத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்கிறார். ஆபரேஷன் ஆனால் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் எதையும் தூக்கக் கூடாது. நான் படுத்துவிட்டால் வீட்டில் என் மனைவி உலகம்மாளை யார் பார்ப்பார்கள் என்று அவரே கேட்டார். மருமகள் இருக்கிறாள் என்றேன். செப்டம்பர் பதினாறு என்று தேதி கொடுத்தார்.

உலகம்மாளுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது. சித்திரையிலிருந்து ஆக்சிஜன் இல்லாமல் இருக்க முடிவதில்லை. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மிஷின். அது அறைக்காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், ஆனால் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டரும் ஓய்ந்தால் மூலையில் சிலிண்டர். அதற்குக் கரண்டே வேண்டாம். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்கிறேன். ஒன்று பழுதாவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் பழுதாவதற்கு ஆயிரத்தில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் மூன்று நாணயங்களைச் சுண்டிக் காட்டி நடத்திய பாடம்தான்.

சிவகாமி, என் மகன் காந்திமதிநாதனின் மனைவி. அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். இவளும் வைகாசியில் அங்கே போயிருக்க வேண்டியவள். அத்தைக்கு முடியவில்லை என்றதும் பாளையங்கோட்டையிலேயே தங்கிவிட்டாள். "அந்தச் சிலிண்டர ஒரு தடவ திறந்து காட்டுங்க மாமா" என்று இன்றும் கேட்டாள். ஆக்சிஜனை வீணாக்குவானேன், சமயத்துக்கு நான் இல்லாமல் எங்கே போகப்போகிறேன் என்றேன். சிலிண்டரின் மீட்டரைக் கழற்றித் துடைத்து, தூசி போகாமல் பாலிதீன் சுற்றித் திரும்ப மாட்டியிருக்கிறேன். கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கீரைக்காரி வரவில்லை. சனிக்கிழமை ஓய்வூதியர் சங்கத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு நோயாளியைப் பேணுவது பற்றி.

ஆகஸ்ட் 17, சனி

உலகு ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். கூட்டத்துக்கு எடுத்துப்போன பையில் டைரி இருந்தது. பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை எழுதி வைக்கிறேன். நேற்றுக் காலை நான் கூட்டத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் ஒரு மணி நேரம் தாங்க வேண்டியது, சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாதது என் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருந்தது. சிவகாமியால் அதைத் திறக்க முடியவில்லை. பதறிவிட்டாள் போலிருக்கிறது. எனக்குப் பலமுறை போன் செய்திருக்கிறாள். நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். எதிர்வீட்டு ஜெசிந்தா ஓடி வந்து 108ஐக் கூப்பிட்டிருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உலகுவின் உதடு நீலமாகிவிட்டதாம்.

உலகுவின் அக்கா பிச்சம்மாள் மதினி மத்தியானம் வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் சிவகாமியை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். "கேஸ் சிலிண்டரத் திறந்து காப்பி போடத் தெரியுது. மாமியாளுக்குன்னா மட்டும் கை வரலியோ?"

சிவகாமி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாதன் ஓசூரிலிருந்து வந்திருக்கிறான். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் மாடிப்படியில் வைத்துச் சிவகாமியைச் சத்தம் போட்டானாம். நான் அப்போது காப்பி வாங்கக் கீழே போயிருந்தேன்.

ஒன்றை எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன். எழுதிவிடுகிறேன்.

சிலிண்டரின் வால்வைத் திருப்ப ஒரு சாவி உண்டு. விரல் நீளத்தில் ஒரு இரும்புத் துண்டு. அது இல்லாமல் எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. சிலிண்டரைக் கொண்டுவந்தவர் அதைக் கயிற்றில் கட்டிச் சிலிண்டரின் கழுத்திலேயே தொங்கவிட்டுப் போனார். நான்தான் அவிழ்த்தேன். சின்னப் பொருள், தொலைந்துவிட்டால் என்ன செய்வது? கைக்குட்டையில் சுற்றிப் பீரோவுக்குள், உலகுவின் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பீரோ சாவி என் சட்டைப்பையில்தான் எப்போதும் இருக்கும். சனிக்கிழமையும் அங்கேதான் இருந்தது. அதே பையில்தான் போனும் இருந்தது. அது சாவியின் மேல் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. நான் மேடையில் மூன்று அடுக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

சிவகாமி வீடெல்லாம் தேடியிருக்கிறாள். கடைசியில் பீரோவில்தான் இருக்கும் என்று ஊகித்து அம்மிக்குழவியால் அடித்திருக்கிறாள். நேற்று உடை மாற்ற வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். பீரோவின் கைப்பிடி நெளிந்து, பக்கத்துத் தகரம் உள்ளே குழிந்திருக்கிறது. அந்தக் கை எவ்வளவு பலமாக அடித்திருக்க வேண்டும். நாதன் வீட்டுக்குப் போகும்முன் அதன்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன்.

ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கில் எங்கே பிசகு என்று இப்போது தெரிகிறது. வகுப்பில் இரண்டு பையன்கள் ஒரே நாளில் லீவு போடுவது அபூர்வம்தான். ஆனால் முந்தின நாள் இருவரும் ஒரே கல்யாணத்தில் கெட்டுப்போன சாம்பாரைச் சாப்பிட்டிருந்தால், இருவருமே வரமாட்டார்கள். அங்கே பெருக்கல் கணக்கு செல்லாது. கரண்ட் போனது என் கையில் இல்லை. ஆனால் என் வீட்டில் பேட்டரியும் சிலிண்டரும் போனும் தனித்தனி என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றும் ஒரே பந்தியில் சாப்பிட்டவை. பரிமாறியவன் நான்.

ஆகஸ்ட் 21, புதன்

நாதன் ஊருக்குப் போய்விட்டான். சிவகாமியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

உலகுவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். முன்னைவிடப் பேச்சு குறைந்துவிட்டது. நாலு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுக்கிறாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. நினைவிருக்கிறதா என்றும் தெரியவில்லை.

சிவகாமி எல்லாம் செய்கிறாள். குளிப்பாட்டுகிறாள், கஞ்சி கொடுக்கிறாள், தலை வாரிவிடுகிறாள். ஆனால் நான் வாசலுக்குப் போனால் பின்னாலேயே வந்து நிற்கிறாள். கடைக்குப் போவதாக இருந்தால் முதலில் சொல்லிவிட வேண்டுமாம், ஜெசிந்தாவைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வாளாம். அத்தையோடு தனியாக இருக்க அவளுக்குப் பயம். ஓசூருக்கே போய்விடுகிறேன் என்று நாதனிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஆனால் பதினாறாம் தேதி நான் படுக்க வேண்டும். வலி இப்போது நடக்கும்போதும் இருக்கிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்றால் புது முகத்தைப் பார்த்தாலே உலகுவுக்கு மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாறும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். சிவகாமி போய்விட்டால் உலகுவின் மூச்சுக்கு நான் ஒருவன்தான் இருப்பேன். நானும் போனால் யாரும் இல்லை.

சாயங்காலம் அடுக்களைக்குப் போனேன். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். சாவியை எடுத்து உள்ளே வைத்தது நான்தான் என்றும், உன்மேல் எந்தத் தப்பும் இல்லை என்றும் சொன்னேன். அவள் மனம் இளகும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

கத்தியை வைக்காமலே சொன்னாள்: "எங்கிட்ட எதுக்கு மாமா சொல்லுதீய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

ஆகஸ்ட் 28, புதன்

நாதனுக்குப் போன் செய்து விளக்கமாகச் சொல்லிவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது: லேசாக இல்லை. சிவகாமி வந்து கேட்டாள். "அவுக கேக்காவ, சிலிண்டர்க்காரன் சாவியே தரலியான்னு. அப்பா என்னமோ வால்வு எப்படி வேல செய்யுதுன்னு பாடம் நடத்துனாவளாம். என்ன மாமா சொன்னீய அவுககிட்ட?"

என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாவி கிடைக்காமல் போய்விட்டது என்று சொன்னேன். சாவி தானாக நடந்து போனது போல.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் போனை உலகுவின் கட்டிலில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டு, சிவகாமியையும் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொண்டு நாதனிடம் பேசினேன். சாவி கழுத்தில் தொங்கியது. நான் அவிழ்த்தேன். பீரோவில் பூட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. பீரோ சாவியோடு கூட்டத்துக்குப் போய்விட்டேன். அவள் பீரோவை உடைக்கப் பார்த்திருக்கிறாள். நான் அதைத் துண்டு போட்டு மறைத்தேன். சின்னச் சின்ன வாக்கியங்களாகத்தான் சொல்ல முடிந்தது.

பிறகு அவன் பேசினான்.

"அப்பா, நான் அவள மாடிப்படியில வச்சு அத்தன பேச்சு பேசினேனே. நீங்க திருப்பத்துல நின்னதப் பாத்தேன். கேட்டுக்கிட்டுத்தான நின்னீய?"

ஆமாம் என்றேன். காப்பி வாங்கப் போனதாக இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத டைரியில். காப்பி வாங்கப் போகவில்லை. திருப்பத்தில், தீயணைப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவன் போனைச் சிவகாமியிடம் கொடுக்கச் சொன்னான். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

உலகு இவ்வளவு நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சிவகாமி வந்ததும், "ஏட்டி, இங்க வா" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "ஏங்க... நீங்க கொஞ்சம்... வெளிய போங்க" என்றாள். போனேன். எழுபது வயதில் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

மதினிக்கும் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சாவியப் பூட்டுனீய, சரி. வாயையும் எதுக்குப் பூட்டுனீய வாத்தியாரே?" என்றார்கள். சாயங்காலம் சிவகாமியிடமும் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

சிவகாமி ஆபரேஷன் முடியும்வரை இருக்கிறாள். நான் தேறியதும் ஓசூருக்குப் போய்விடுவாள். இதை மாமியாரும் மருமகளும் பேசி முடித்து எனக்குத் தெரிவித்தார்கள். நான் சரி என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இன்று சிலிண்டரைத் திறந்து பழகினோம். திறந்ததும் கழுத்தில் புஸ்ஸென்று சத்தம், மீட்டர் முள் இறங்கியது. மூடிவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தோம். அவர் சொன்னபடி சிவகாமி மீட்டரைக் கழற்றினாள். இணைப்புக்குள் ஒரு துணுக்கு பாலிதீன் மாட்டிக் காற்று கசிய வழி விட்டிருந்தது. தூசி போகாமல் இருக்க நான் சுற்றியது. ஆகவே அந்தச் சனிக்கிழமை சாவி கையில் இருந்திருந்தாலும், பாதி ஆக்சிஜன் அறைக்குத்தான் போயிருக்கும். புதுசு போல இருக்கிறது என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது ஓடவிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். காரின் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று வழியில் பஞ்சர் ஆன பிறகுதான் பார்ப்பார்கள் என்று மாணவர்களிடம் சிரித்திருக்கிறேன்.

துணுக்கை எடுத்துவிட்டு மறுபடி பழகினாள். நான் பக்கத்தில் நின்று இடது பக்கம், மெதுவாக, முள்ளைப் பார், குழாயைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்க நிக்கிற வரைக்கும் எனக்கு வராது மாமா. பரீச்ச ஹால்ல நிக்கிற மாதிரியே இருக்கு."

உலகு சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. இருமலில் முடிந்தது.

செப்டம்பர் 4, புதன்

இன்று நான் வெளியே போக வேண்டும், அவர்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. மிஷினை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்டேன். உண்மையில் கரண்ட் போகிற மாதிரியே போகட்டும் என்றாள் உலகு. மூன்று மூச்சில் சொன்னாள்.

மைதானத்துச் சுவரில் போய் உட்கார்ந்தேன். போன் கையில் இருந்தது, சத்தம் முழுவதும் வைத்து. வெயில் ஏறியது. ஒரு கோச் பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்தவர்களையும் எழுப்பி ஓடவிட்டார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. போன் அடிக்க வேண்டும் என்று என் மனதில் ஒரு மூலை ஆசைப்பட்டது. உலகுவுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று அல்ல. சிவகாமிக்குச் சாவி திரும்பவில்லை, முள் ஏறவில்லை, மாமா வாங்க என்று ஒரு அழைப்பு. நான் ஆட்டோ பிடித்து ஓடி, ஒரு திருப்பில் சரிசெய்து, வியர்வையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆசை இன்றைக்கு முளைத்தது இல்லை என்று நினைக்கிறேன். திறந்து காட்டுங்கள் என்று அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் வீணாகும் என்றேனே, அப்போதெல்லாம் இது உள்ளே உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது. நான் இல்லாமல் நடக்காது என்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்கு உலகுவின் மூச்சை அடகு வைத்திருந்தேன்.

போன் அடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சிலிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சிவகாமி வார இதழிலிருந்து ஜோசியப் பலனை வாசித்துக்கொண்டிருந்தாள், அத்தையின் ராசிக்கு வெளிநாட்டுப் பயணம் போட்டிருந்ததாம். "ரெண்டு தடவ செஞ்சேன் மாமா. மொதத் தடவ தெரியாம சரியா வந்துட்டோன்னு சந்தேகமா இருந்துச்சு."

செப்டம்பர் 8, ஞாயிறு

இனி புதனும் ஞாயிறும் நான் காலையில் வீட்டில் இருப்பதில்லை. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் சிவகாமி எடுத்துக்கொண்டாள். ஜெசிந்தாவும் வந்து பழகுகிறார். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. இன்று நூலகம் மூடியிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

நாதன் பேசினான். ஆபரேஷன் அன்று வந்துவிடுகிறேன் என்றான். "வரலேன்னாலும் பரவால்லப்பா, சிவகாமி பாத்துக்கிடுவா" என்றும் சொன்னான். முன்பு நான் மருத்துவரிடம் சொன்னதும் இதைத்தான். நான் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

நாளை அட்மிஷன். சிவகாமி பை அடுக்கித் தந்தாள். உலகுவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மருந்து நேரங்களை ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். "தெரியும்" என்றார்கள் இருவரும் சேர்ந்தாற்போல.

சிவகாமி ஓசூருக்குப் போக ஐப்பசி முதல் வாரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அவள் கேட்கவில்லை. வைகாசியிலேயே போட்டிருக்க வேண்டியது. தேவைப்படும் தேவைப்படும் என்று ஒரு பெண்ணை எடுத்து வைத்துக்கொண்டோம். அவளுக்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. டிக்கெட்டைக் கொடுத்தபோது வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டு, "ஜன்னலோரமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 19, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் இருமினால் பிடிக்கிறது. நாதன் நேற்று இரவு ஓசூர் திரும்பிவிட்டான்.

காலையில் பக்கத்துப் படுக்கைக்காரரின் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக இன்று மின்தடை செய்யும் இடங்களின் பெயர்களில் எங்கள் தெருவும் இருந்தது. ஒன்பது மணியிலிருந்து. மணி அப்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. போனை எடுத்தேன். சிவகாமியின் பெயர்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இப்போது அழைத்தால் அவள் சாவியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டியிருக்கும். வைத்துவிட்டேன். மத்தியானம் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, என்ன கவலை உங்களுக்கு என்று கடிந்துகொண்டார்.

நாலு மணிக்கு மேல் அவளே அழைத்தாள். எடுப்பதற்குள் போன் கையிலிருந்து வழுக்கியது.

"மாமா, மாடியில கொடி அறுந்துட்டு. வேற கயிறு எங்க கெடக்கு?"

கரண்ட் போனதா என்று கேட்டேன்.

"காலையிலயே போச்சு. இப்பதான் வந்துச்சு. அத்த தூங்குதாவ. துணியெல்லாம் ஈரமா கெடக்கு மாமா, மழ வேற வரப் பாக்குது. கயிறு எங்க?"

மாடிப்படிக்கு அடியில், பழைய வாளிக்குள் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துவிட்டார். வீட்டில் ஏதும் பிரச்சினையா சார் என்றார். கொடிக்கயிறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள் என்றேன். அதற்கு ஏன் ஒருவன் அழ வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. வெட்கமாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.